பகலில் எரிந்த விளக்கு

போன வாரம் ஹூஸ்டனிலிருந்து போனில் பேசிய அண்ணன் ரொஹேலியோ கடைசியாகச் சொன்னது தெல்ஃபினாவின் காதில் ஏழு நாளும் வாடகை இல்லாமல் குடியிருந்தது.

"வியாழக்கிழமை வர்றேன். அந்த ஒரு நாள் அப்பா தனியா, ஒரு தப்பும் இல்லாம வீட்டைப் பாத்துக்கட்டும். நான் வாயை மூடிக்கறேன். இல்லேன்னா என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். ரெண்டுல ஒண்ணு."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பா எவரிஸ்தோ அடுப்பில் பீன்ஸை வைத்துவிட்டு, தெருமுனையில் டோமினோ ஆட்டம் பார்க்கப் போனார். ஆட்டம் சூடு பிடித்தது, பீன்ஸும் பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலை உடைத்து உள்ளே வந்து அடுப்பை அணைத்திராவிட்டால் சான் அன்டோனியோவின் மேற்குப் பக்கத்தில் ஒரு வீடு குறைந்திருக்கும். எவரிஸ்தோவுக்கு எழுபத்தெட்டு வயது. மறதிக்கு அந்த வயது போதும் என்பது மகனின் கட்சி. டோமினோவுக்கு எந்த வயதிலும் அந்தக் குணம் உண்டு என்பது மகளின் கட்சி.

அன்றிலிருந்து தெல்ஃபினா வேலைக்குக் கிளம்பும்போது கேஸ் குழாயைத் திருகி மூடிவிடுவாள். அடுப்புக்குப் பதில் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கி வந்தாள். நெருப்பு இல்லை, விசில் இல்லை. காலையில் கறியைப் போட்டு மூடினால் சாயங்காலம் வரை அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். எவரிஸ்தோ அதற்கு வைத்த பெயர் சோம்பேறிப் பானை.

இன்று வியாழக்கிழமை.

காலை ஆறரை மணிக்குத் தெல்ஃபினா பன்றியின் தோள்கறியைப் பெரிய பெரிய துண்டாகப் போட்டு, உப்பும் சீரகமும் ஓரிகானோவும் தடவிப் பானையில் அடுக்கினாள். ஒரு முழுப் பூண்டு, இரண்டு பிரியாணி இலை, ஒரு கரண்டி பன்றிக் கொழுப்பு. இரண்டு ஆரஞ்சைப் பிழிந்து, பிழிந்த மூடிகளையும் உள்ளேயே போட்டாள். மறைந்துபோன அம்மா ஓத்தீலியா அப்படித்தான் செய்வாள். டாக்கோவுக்குக் கறி மென்மையாக உதிர வேண்டும் என்றால் ஒன்பது மணி நேரம் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது.

பிளக்கைச் சொருகினாள். பானையின் சிவப்புப் புள்ளி எரிந்தது. பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க பாருங்க."

"பாக்கறேன்."

"என்னைப் பாக்காதீங்க. மேல விளக்கைப் பாருங்க. இது சாயங்காலம் வரைக்கும் எரியணும்."

"விடிஞ்சிருச்சே மிஹா." மகளை அவர் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

"விடியட்டும்."

"பட்டப்பகல்ல விளக்கா? நாம என்ன மின்சாரக் கம்பெனிக்கு மாப்பிள்ளையா?"

இந்தக் கேள்வியைக் கேட்டே அவர் இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு உடம்பு அரிக்கும். கழிப்பறைக்குப் போனவர் உள்ளே இருக்கும்போதே அணைத்த சரித்திரமும் உண்டு.

"அந்தப் பக்கத்துப் பிளக் போன வாரம் புகைஞ்சுபோச்சு. இது ஒண்ணுதான் இருக்கு. இந்தப் பிளக்குக்கும் விளக்குக்கும் ஒரே சுவிட்சு. ஏன் ஒரே சுவிட்சு, சொல்லுங்க?"

எவரிஸ்தோ ஜன்னலைப் பார்த்தார்.

நாற்பது வருடம் ஊரார் வீட்டுக்கெல்லாம் கூரை போட்ட மனிதர், தன் வீட்டு மின்சார வேலையையும் தானே பார்த்துக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பம். ஓத்தீலியா சமையலறையில் ரேடியோவைப் பாட விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போய்விடுவாள். விளக்கும் எரியும், ரேடியோவும் பாடும். இரண்டையும் வாசல்படியில் நின்றபடியே ஒரே தட்டில் அடக்க எவரிஸ்தோ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சுவரைக் குடைந்தார். ஓத்தீலியா அதன்பின் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

"விளக்கு அணைஞ்சா பானையும் அணைஞ்சிரும். இன்னிக்குன்னு பாத்து அது ஆகக் கூடாது. புரியுதா?"

"எனக்குப் புரியுது. என் கைக்குத்தான் சொல்லணும்" என்றார் அவர்.

தெல்ஃபினா சிரிக்காமல் போனாள். பத்து வருடம் முன்னால் கணவனை விட்டு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். சாயங்காலம் கதவைத் திறந்தால் "வந்துட்டியா?" என்று கேட்க ஒரு குரல் இருந்தது. அந்தக் குரல் ஹூஸ்டனுக்குப் போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்று காரில் போகும்போது தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

எவரிஸ்தோவின் போராட்டம் ஏழரை மணிக்கு ஆரம்பித்தது.

கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்தார். கண் சமையலறைப் பக்கமே போனது. அங்கே வெயில் தரை வரைக்கும் வந்து படுத்திருக்கிறது, மேலே வெட்கமில்லாமல் விளக்கு. எழுந்து போய் வாசல்படியில் நின்றார். வலது கை தானாக மேலே கிளம்பியது. பிடித்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டார்.

எட்டு மணிக்கு மறுபடி ஒரு முறை. எட்டே காலுக்கு இன்னொரு முறை.

"இது ஆகிற காரியம் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மகள் துணியில் சுற்றி வைத்திருந்த பீன்ஸ் டாக்கோ இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். பீக்கன் மரத்தடியில், வீட்டுக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தார். தன் கையை நம்பாதவன் தன் கையைக் கூட்டிக்கொண்டு தூரப் போவதுதான் புத்தி.

அக்டோபர் மாதத்து வெயில் இலைக்குள் புகுந்து பொடிப் பொடியாக இறங்கியது. அவ்வப்போது ஒரு பீக்கன் கொட்டை தகரக் கூரையில் விழுந்து உருண்டது. சமையலறை ஜன்னல் வலை வழியாகக் கறியின் வாசனை வர ஆரம்பித்தது. முதலில் பூண்டு, அப்புறம் ஆரஞ்சு, அதற்கும் பின்னால் கொழுப்பு உருகும் வாசனை. எவரிஸ்தோவின் கண் செருகியது.

தூக்கத்தில் ஒரு ஆரஞ்சுத் தோப்பு வந்தது. தோப்புக்கு நடுவில் அவர் வீட்டுச் சமையலறை, சுவர் இல்லாமல். கிளையில் ரேடியோ தொங்கிப் பாடிக்கொண்டிருந்தது. ஓத்தீலியா பானைக்குப் பக்கத்தில் ஈரக் கூந்தலோடு உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும்.

அவர் சுவிட்சைத் தேடினார். மரம் மரமாகத் தடவினார். பட்டைதான் கையில் வந்தது.

"அணைக்கறதுன்னா ஓடி வருவீங்க. போடறதுக்கு ஒரு நாளாவது வந்திருக்கீங்களா?" என்றாள் ஓத்தீலியா.

"போடறதுக்குத்தான் நீ இருந்தியே" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். தோப்பின் அந்தக் கோடியில் யாரோ வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். சின்னப் பையன் ரொஹேலியோதான், பள்ளிக்கூடப் பையோடு. வந்தவன் அவரை எட்டிப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் திரும்பினான். கொக்கி 'டக்'கென்று விழுந்தது. ரேடியோ நின்றது.

அதற்குப் பிறகு தோப்பில் வெறும் காற்றுதான். வாசனை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. அவர் ஓத்தீலியாவிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். வாய் திறந்தபடியே தூக்கம் இன்னும் ஆழமாகப் போய்விட்டது.

நடுவில் ஒரு முறை எழுந்தார். பாதிக் கண்ணோடு உள்ளே போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வந்து, மிச்சமிருந்த டாக்கோவைத் தின்றுவிட்டு, மறுபடி கண்ணை மூடினார். மனைவி வரவில்லை. வெயில் மட்டும் வந்தது.

தெல்ஃபினா வேலை பார்ப்பது ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். நானூறு பிள்ளைகளுக்குத் தட்டு நீட்டும்போதெல்லாம் அவள் மனக்கண்ணில் அந்தப் பானைதான் முனகிக்கொண்டிருந்தது. பத்து மணிக்குக் கொழுப்பு உருகியிருக்கும். பன்னிரண்டுக்கு எலும்போரம் விட்டுக்கொடுத்திருக்கும். இரண்டு மணிக்கு முள்கரண்டி பட்டாலே உதிரும். ஒரு பையன், "மிஸ், என் தட்டுல மூணாவது தடவையா சோளம் போடறீங்க" என்று சொன்ன பிறகுதான் நினைவு வந்தது.

நாலே காலுக்கு வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கி மூச்சை இழுத்தாள். தெருவில் புல் வெட்டிய வாசனை இருந்தது, பக்கத்து வீட்டுத் துணிச் சோப்பின் வாசனை இருந்தது. வேறு எதுவும் இல்லை.

ஓடினாள்.

சமையலறை சாயங்கால வெளிச்சத்தில் அமைதியாக இருந்தது. விளக்கு எரியவில்லை. பானையில் சிவப்புப் புள்ளியும் இல்லை. மூடியைத் திறந்தாள். கறி மேலே வெளுத்து, உள்ளே இளஞ்சிவப்பாக, பாதி வழியில் நின்றுபோயிருந்தது. மேலே கொழுப்பு ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடத்து ஏப்ரன் பையிலிருந்த வெப்பமானியை எடுத்துக் குத்தினாள். வெறும் வெதுவெதுப்பு. எத்தனை மணி நேரமோ! பள்ளிக்கூடமாக இருந்தால் அந்த நிமிடமே கொட்டச் சொல்வார்கள். இங்கேயும் அதே பன்றிதான்.

பின்வாசலில் நிழல் விழுந்தது. எவரிஸ்தோ நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டியா?" என்றார். பிறகு விளக்கைப் பார்த்தார்.

"நான் தொடல மிஹா. நாள் பூரா மரத்தடியிலதான் இருந்தேன்."

"சரிப்பா."

"உள்ளயே வரல..." நிறுத்தினார். "ஒரு தடவை வந்தேன். பாத்ரூம் போக. பாதித் தூக்கம்."

அவர் மெல்ல உட்கார்ந்து, வலது கையை மேசை மேல் வைத்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அப்போதான் அணைச்சிருப்பேன். எனக்கு ஞாபகமே இல்ல. பீன்ஸ் அன்னிக்காவது நான் வெச்சேன்னு ஞாபகம் இருந்துச்சு. இது அதுகூட இல்லயே!"

தெல்ஃபினாவுக்கு அழுகை வந்தது. அழுதால் ரொஹேலியோவுக்கு விஷயம் தெரிந்துவிடும், கண் வீங்கும். அழவில்லை.

"அப்பா, மணி நாலரை. அவன் ஆறு மணிக்குத்தான் வருவான். நான் கடைக்குப் போய் வெந்த கறி வாங்கிட்டு வர்றேன். பானையில போட்டு ஆரஞ்சு ஒண்ணு பிழிஞ்சுட்டா எவனுக்குத் தெரியும்?"

"பொய் சொல்லணுமா?"

"யாரும் சொல்ல வேணாம். பானை சொல்லும்."

கெட்டுப்போன கறியைக் கொல்லைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, விளக்கைப் போட்டுவிட்டுக் கடைக்குப் பறந்தாள். அவள் திரும்பும் வரை எவரிஸ்தோ அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அண்ணாந்தும் பார்க்கவில்லை.

ரொஹேலியோ ஆறு மணிக்கு வந்தான். ஐம்பத்தொரு வயது, நல்ல உத்தியோகம், நல்ல கார். சட்டை மட்டும் இஸ்திரி காணாமல் கசங்கியிருந்தது, இரண்டாவது பொத்தானும் இல்லை. மனைவி கிராசியேலா ஏன் வரவில்லை என்றதற்கு, "வேலை" என்றான்.

"நான் பதினோரு மணிக்கே வந்துட்டேன். அப்பா மரத்தடியில வாயைத் தொறந்துட்டுத் தூங்கிட்டிருந்தார். கதவைத் தொறந்து, உள்ள வந்து, ஜன்னல் வழியாப் பாத்துட்டுப் போனேன். அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு திருடன் வந்திருந்தா?"

"திருடன் வந்தா என்னை எழுப்பி, 'பெரியவரே, என்ன இருக்கு இந்த வீட்ல'ன்னு அழுதுட்டுப் போவான்" என்றார் எவரிஸ்தோ. சொன்ன பகடியில் உயிர் இல்லை.

"அப்புறம் எங்க போன?" என்றாள் தெல்ஃபினா.

"அம்மா கல்லறைக்கு. அங்கயே உட்கார்ந்திருந்தேன், நேரம் போனது தெரியல."

கொல்லையில் மரத்தடியிலேயே மேசை போட்டார்கள். தெல்ஃபினா கறியை உதிர்த்து, இரும்புக் கல்லில் ஓரம் மொறுமொறுப்பாகும் வரை புரட்டிப் பாதியைக் கொண்டுவந்தாள். மிச்சம் பானையில் சூடாகவே கிடந்தது. சின்னச் சின்னச் சோள டோர்டியா ரொட்டிகள் துணிக்குள் ஆவி விட்டன. பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, பச்சைச் சட்னி, எலுமிச்சை. சமையலறை ஜன்னலிலிருந்து மஞ்சள் வெளிச்சம் புல்மேல் நீளமாக விழுந்து, மேசைவரை வந்து, அப்பாவின் தட்டில் முடிந்தது.

ரொஹேலியோ முதல் டாக்கோவைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். இரண்டாவதையும் அப்படியே. நாலாவது முடிந்ததும் பெருமூச்சு விட்டான்.

"அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கு. அப்பா, நீங்க ஜெயிச்சுட்டீங்க. நாள் பூரா இதைப் பத்திரமாப் பாத்துக்கிட்டீங்களே. நான் வாயை மூடிக்கறேன்."

தெல்ஃபினா மேசைக்கடியில் கையைக் கோத்துக்கொண்டாள். முடிந்தது! அப்பா இங்கேயே இருப்பார்.

எவரிஸ்தோ தன் டாக்கோவைக் கீழே வைத்தார். ஒரு வாய்கூடக் கடிக்கவில்லை.

"இது கடைக்கறிடா."

"அப்பா!" என்றாள் தெல்ஃபினா.

"இரு மிஹா. செத்தவ பேரைச் சொல்லி நான் திருட்டுப் பரிசு வாங்க மாட்டேன்." மகன் பக்கம் திரும்பினார். "உன் தங்கச்சி வெச்சுட்டுப் போன கறியை நான் கெடுத்துட்டேன். விளக்கை அணைக்காதேன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டா. அணைச்சிருக்கேன். அணைச்சது எனக்கு ஞாபகம் இல்ல. நீ சொல்றது சரி. எனக்கு வீட்டைப் பாத்துக்கத் தெரியல. நான் உன்கூட வர்றேன்."

கூரையில் ஒரு பீக்கன் விழுந்து உருண்டு புல்லுக்கு வந்தது. ஜெயித்தவன் முகம் ரொஹேலியோவுக்கு இல்லை. அவன் மூன்று தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

"ஏம்ப்பா சொன்னீங்க?" தெல்ஃபினாவின் குரல் உடைந்தது.

"நாளைக்கு நான் உன்னையே யாருன்னு கேட்டா? அதை நீ தனியாப் பாக்க வேணாம்."

உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். தட்டு சிங்கில் இறங்கும் சத்தம். ஜன்னலில் ரொஹேலியோவின் நிழல் வாசல்படியை நோக்கி நகர்ந்தது.

'டக்.'

ஜன்னல் இருண்டது. புல்மேல் கிடந்த வெளிச்சம் போய்விட்டது. எவரிஸ்தோ தலையை நிமிர்த்தினார். கனவில் விழுந்த கொக்கியின் சத்தம் அது, அச்சு அசல்.

ரொஹேலியோ கையைத் துடைத்துக்கொண்டே பின்வாசல் படிக்கு வந்தான். தான் ஏதும் செய்ததாக அவன் முகத்தில் இல்லை.

"ரொஹே," தெல்ஃபினா எழுந்து நின்றுவிட்டாள். "இப்போ விளக்கை யார் அணைச்சா?"

"நான்தான். ஏன்? உள்ள யாரும் இல்லயே."

"காலையில நீ வந்தப்போ விளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது, பட்டப்பகல்ல. அணைச்சுட்டுத்தான் போனேன். நாம என்ன மின்சாரக் கம்பெனிக்கு..."

அதோடு நின்றுவிட்டது அவன் வாய். கடைக்கறியும் அப்பாவின் முகமும் அவனுக்கு ஒரே நேரத்தில் புரிந்தன.

முதலில் சிரித்தது எவரிஸ்தோதான். தோளெல்லாம் குலுங்கச் சிரித்தார். வலது கையை எடுத்து இடது கையால் தட்டிக் கொடுத்தார். "மன்னிச்சுக்கோடா கையே!" தெல்ஃபினா சிரித்துக்கொண்டே அழுதாள். இருட்டில் அவர்கள் இரண்டு பேரின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

ரொஹேலியோ சிரிக்கவில்லை.

"நல்லா வளர்த்தீங்கப்பா. எங்க வெளிச்சம் இருந்தாலும் என் கை போயிரும். ஹூஸ்டன் வீட்ல அஞ்சு அறை இருக்கு. இப்போ நான் அணைக்கறதுக்கு ஒரு விளக்குகூட எரியறதில்ல. கிராசியேலா பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போய் நாலு மாசம் ஆச்சு."

சிரிப்பு நின்றது.

"நீங்க மறக்கறீங்கன்னு நான் வரலப்பா. அதைச் சொன்னா நீங்க வருவீங்கன்னு வந்தேன்."

எவரிஸ்தோ நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். மகனைத் தாண்டி, படியேறி, இருட்டுச் சமையலறைக்குள் போனார். தடவாமல் கை நேராகச் சுவிட்சுக்குப் போனது. விளக்கு எரிந்தது. பானையில் சிவப்புப் புள்ளி வந்தது. வெளிச்சம் மறுபடி புல்மேல் படுத்தது. அவர் ஜன்னலண்டை வந்து நின்றார்.

"ரொஹே, உன் வீட்டுச் சமையலறையில சுவிட்சு எந்தப் பக்கம்? நுழையறப்போ வலமா, இடமா?"

தெல்ஃபினா டோர்டியா சுற்றியிருந்த துணியை எடுத்து நாலாக மடித்தாள். பிரித்தாள். அண்ணன் என்ன பதில் சொல்லப்போகிறான் என்று நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாமல் மறுபடி மடித்தாள்.